ஒன்பதாவது பத்து

எட்டுப் பேர் ஆளுக்குப் பத்து எண்ணினால் எண்பது வர வேண்டும். தொண்ணூறு வந்தது.

ப்ரூஃப் ரீடர் தூக்கிய காலை இறக்கிவிட்டு எதிரே நின்ற வரிசையைப் பார்த்தார். வெள்ளை உடுப்பு, வேர்த்த முகம், இடுப்பில் அவரவர் தகுதிக்கேற்ற நிறத்தில் பெல்ட். விரல் நீட்டி எண்ணினார். மறுபடி அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினார். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் எட்டுதான்.

"கடைசிப் பத்த எண்ணினது யாரு?"

வரிசையில் மூத்தவரான பேக்கரிக்காரர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"எதுங்க சார்?"

"நீங்க 'யோல்'னு பத்த முடிச்சீங்கல்ல? அதுக்கப்புறம் இன்னொரு பத்து வந்துச்சே."

"வந்துச்சு சார்."

"அது யாரு?"

பேக்கரிக்காரர் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவருடைய பார்வை மெல்ல மேலேறி, ப்ரூஃப் ரீடரின் தோளைத் தாண்டிப் பின்சுவரில் போய் நின்றது.

"தெரியலைங்க சார்" என்றார், குரலைத் தாழ்த்தி.

ப்ரூஃப் ரீடர் திரும்பிப் பார்த்தார். பின்சுவரில் மாஸ்டருடைய ஆசானின் போட்டோ. செத்து இருபது வருஷம் ஆன கிழவர். உயிரோடு இருந்தபோதும் சிரித்ததாக யாரும் சொன்னதில்லை. அதற்குக் கீழே கூடத்தின் ஐந்து விதிகள் எழுதிய பலகை. ஒரு காலத்தில் அதில் மூன்று எழுத்துப் பிழை இருந்தது. சொல்லிச் சொல்லி, பெயின்டரை வரவழைத்துத் திருத்தி எழுத வைத்ததே இவர்தான். அச்சகத்தில் அடுத்தவர் பிழையைக் கண்டுபிடிப்பதுதானே அவருக்கு வேலை! பகல் பூராவும் வாயைத் திறக்காமல், கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு செய்கிற வேலை.

விடியற்காலையில் அவர் செய்கிற வேலைதான் டேக்வாண்டோ. நாற்காலிக் கடை மாடியில் உள்ள இந்தக் கூடத்துக்கு ஒன்பது வருஷமாக வருகிறார். கறுப்பு பெல்ட் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றாகிவிட்டது. முதல் தடவை பலகை உடையவில்லை, கால்விரல் உடைந்தது. இரண்டாம் தடவை இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பி, தேர்வாளரோடு மோதிக்கொண்டார். வயது நாற்பத்தாறு. இந்தத் தடவையும் போனால் இனி முழங்கால் சம்மதிக்காது என்று அவருக்கே தெரியும்.

இந்த நேரம் பார்த்து மாஸ்டருடைய முழங்கால் முந்திக்கொண்டது. ஆபரேஷனுக்குப் போகிறவர், இவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மாசம். எட்டுப் பேர ஒப்படைச்சிட்டுப் போறேன். திரும்பி வரும்போது ஒரு ஆள் குறைஞ்சாலும் பரீட்சைக்கு உன் பேர் போகாது."

ஒரு ஆள் குறையக் கூடாது என்றுதான் மாஸ்டர் சொன்னார். ஒரு ஆள் கூடினால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

மறுநாளும் அதே கதை. கூடத்து வழக்கம் எளிது. கடைக்குட்டி வெள்ளை பெல்ட் 'ஹானா, தூல், செத்' என்று கொரிய எண்களில் தொடங்கிப் பத்து எண்ண, ஒவ்வோர் எண்ணுக்கும் எல்லோரும் ஓர் உதை. அடுத்து அதற்கு மூத்தவர். இப்படியே ஏறிப்போய் மூத்தவரில் முடியும். எண்ணிக்கை இல்லாமல் கால் எழும்பாது. ஒன்பது வருஷம் இதையே செய்தவருக்கு எண்ணிக்கை வாயிலா இருக்கும்? முழங்காலில் அல்லவா இருக்கும்!

பேக்கரிக்காரர் எட்டாவது பத்தை முடித்தார். ப்ரூஃப் ரீடர் கண்களை இறுக மூடிக் காதைத் தீட்டிக்கொண்டார்.

ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு, "ஹானா!"

மிக அருகில் கேட்டது. கட்டைக் குரல். அந்தக் குரலுக்கு அவருடைய கால் அவரைக் கேட்காமலே எழும்பி உதைத்தது. அதுதான் அவரை அதிகமாகக் கலவரப்படுத்தியது. பத்தும் முடிந்ததும் கண்ணைத் திறந்தார். எட்டு ஜோடிக் கண்கள் அவர் தோளுக்கு மேலே அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அங்க என்ன தெரியுது?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார்கள் எட்டுப் பேரும் ஒரே குரலில். அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் உதைத்ததுகூட இல்லை.

அடுத்த நாள் அவர் வரிசையைத் தலைகீழாக்கினார். பேக்கரிக்காரர் தொடங்க, கடைக்குட்டி முடிக்க வேண்டும். மூத்தவரிடம் முடிவதால்தானே ஏதோ வந்து தொற்றிக்கொள்கிறது? கடைக்குட்டி பல் டாக்டர். அவர் கீச்சுக் குரலில் எண்ணி முடித்தார். ஒரு மூச்சு இடைவெளி. "ஹானா!"

மறுநாள் காலை பல் டாக்டரிடமிருந்து செய்தி வந்தது. இடுப்புப் பிடிப்பாம். எப்போது வருவார் என்று சொல்ல முடியாதாம். இன்னொருவர் காரணம்கூடச் சொல்லவில்லை.

ஆறு பேர். எழுபது உதை. ஆட்கள் போனார்கள், அது போகவில்லை.

சாயங்காலம் மாஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். "எப்படிப் போகுது? எண்ணிக்கை?"

"குறைவில்லாம போகுது மாஸ்டர்" என்றார் ப்ரூஃப் ரீடர். பொய் சொல்லவில்லை என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார்.

அடுத்து, விதியை மீறிக் கைபேசியை ஜன்னல் விளிம்பில் ஒளித்து வைத்துப் பதிவு செய்தார். அச்சகத்தில் மதிய இடைவேளையில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டார். ஆறு குரல்களையும் அடையாளம் தெரிந்தது. ஏழாவதாக வந்த குரலை அவர் வாழ்நாளில் கேட்டதே இல்லை. மூக்கால் பேசுகிற, கொஞ்சம் அதட்டலான, வயதான குரல். அன்று ஒரு பக்கம் பூராவும் பிழை திருத்தாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டார். வேலையில் சேர்ந்த நாளாக அப்படி நடந்ததில்லை.

மறுநாள் உதைகள் முடிந்ததும் ஆறு பேரையும் உட்கார வைத்து அதைப் போட்டுக் காட்டினார். பதிவு ஓடி முடிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருன்னு தெரியுதா?"

லாரி டிரைவர் மெதுவாகக் கேட்டார். "இத... எங்களுக்கா சார் போட்டுக் காட்டுறீங்க?"

"ஆமா. யாரு இது?"

"நீங்களே சொல்லிடுங்க சார்."

"எனக்குத் தெரிஞ்சா உங்கள ஏன்யா கேக்குறேன்!"

லாரி டிரைவர் உட்கார்ந்தபடியே இரண்டடி பின்னால் நகர்ந்தார். எத்தனையோ மலைப்பாதையில் பிரேக் இல்லாமல் இறங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் மனிதர். அவருக்கே இந்தக் கதி என்றால், தபால் ஆபீஸ் அக்கா தங்கை இருவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர்கள் உடுப்பைக்கூட மாற்றிக்கொள்ளாமல் படியிறங்கினார்கள். மறுநாள் வரவில்லை.

நான்கு பேர்.

"என்னங்க, தொண்டை இப்படிக் கட்டியிருக்கு?" என்றாள் மனைவி.

"பயத்துல வறண்டு போச்சு."

"வறண்டா இப்படியா கரகரங்கும்? ஏலம் விட்டவன் மாதிரி இருக்கு. உப்புத் தண்ணிய வாயில கொஞ்ச நேரம் வெச்சிருந்து கொப்புளிங்க."

சொன்னபடி செய்தார். கன்னம் உப்ப, கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. வாயில் தண்ணீர் இருந்தால் எவனாலும் எண்ண முடியாது!

மறுநாள் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

"முழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. மனசுக்குள்ள எண்ணி உதைங்க. இன்னிக்கு உண்மை வெளிய வந்தாகணும்."

நான்கு பேரும் கன்னம் உப்ப நின்றார்கள். அவர் கை தட்ட, உதைகள் தொடங்கின. பாயில் பாதம் உரசும் சத்தம் மட்டும். மேலே ட்யூப் லைட் ஒன்று விட்டு விட்டு எரிந்தது. பத்து. இருபது. முப்பது. நாற்பதாவது உதை விழுந்தது. ப்ரூஃப் ரீடர் கண்ணை மூடினார்.

"ஹானா!"

பேக்கரிக்காரருக்குப் பின்னால் நின்ற நர்ஸின் வாயிலிருந்த தண்ணீர் அவர் பிடரியில் பீய்ச்சி அடித்தது. லாரி டிரைவருக்குப் புரையேறியது. குரல் நிற்கவில்லை. தூல், செத், நெத் என்று பிசகாமல் பத்து வரை போய்த்தான் ஓய்ந்தது.

"பாத்தீங்களா!" ப்ரூஃப் ரீடர் கண்ணைத் திறந்தார். "உங்க வாயிலெல்லாம் தண்ணி! அப்போ எண்ணினது யாரு?"

நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகைக்குப் பக்கத்தில் இருந்தாள். "சார், ராத்திரி ஒழுங்கா தூங்குறீங்களா?"

"எப்படிம்மா தூக்கம் வரும்?"

"எங்க ஆஸ்பத்திரியில ஒரு நல்ல டாக்டர் இருக்காரு. பொறுமையா கேப்பாரு."

"இது டாக்டர் பாக்குற விஷயம் இல்லம்மா. இது வேற."

"ஆமா சார்" என்றாள் அவள், மறுபடி அவர் தோளுக்கு மேலே பார்த்தபடி.

நான்காவது ஆள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். இங்கே பூதம் முதலிலேயே வந்துவிட்டது. இவர் வெட்ட வெட்டக் கிணறுதான் ஆழமாகிக்கொண்டே போயிற்று.

அன்று எல்லோரும் போனபின் போட்டோவின் முன்னால் தனியாக நின்றார். "ஐயா, நான் என்ன தப்பு செஞ்சேன்? சொன்னா திருத்திக்கிறேன்" என்றார். கிழவர் சொல்லவில்லை. ப்ரூஃப் ரீடர் நாற்காலி போட்டு ஏறி, போட்டோவைக் கழற்றி, ஒரு பழைய உடுப்பில் சுற்றி, செருப்பு அலமாரியில் குப்புற வைத்துப் பூட்டினார்.

மறுநாள் மூன்று பேர், நான்கு பத்து. கண்ணைத் திறந்தார். மூவரும் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இப்போது ஓர் ஆணியும், அதன் கீழே விதிப் பலகையும் மட்டுமே. போட்டோவைக் கழற்றியும் அது போகவில்லை! ட்யூப் லைட் வேறு மினுக்மினுக்கென்றது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்; ஆனால் இது விட்டு விட்டு இருண்டது. குறைந்தபட்சம் இதையாவது சரி செய்யலாம் என்று எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்பினார்.

எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து ஏறி நின்ற அதே காலையில், ஒரு வாரம் முன்னதாகவே, ஊன்றுகோலோடு மாஸ்டரும் படியேறி வந்து நின்றார்.

மாஸ்டர் வாசலில் தலை வணங்கினார். நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். பேக்கரிக்காரர், நர்ஸ், லாரி டிரைவர். பிறகு சுவரைப் பார்த்தார்.

"எங்க ஆசான் எங்க?"

"செருப்பு அலமாரியில மாஸ்டர்."

மாஸ்டர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். ப்ரூஃப் ரீடர் மனசுக்குள் கணக்குப் பார்த்தார். ஒன்பது வருஷம். இரண்டு தோல்வி. கறுப்பு பெல்ட் கண்ணெதிரே நாற்காலிக் கடைப் படியில் உருண்டு இறங்குவதுபோல் இருந்தது.

"மாஸ்டர், நான் யாரையும் விரட்டல. இந்தக் கூடத்துல ஏதோ ஒண்ணு இருக்கு. எல்லாரும் எண்ணி முடிச்சதும் அது எண்ணுது. அதுக்குப் பயந்துதான் அஞ்சு பேரும் ஓடிட்டாங்க. அது எண்ணினா என் காலே என் பேச்சக் கேக்க மாட்டேங்குது." அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "பரீட்சைக்கு என் பேர அனுப்பாட்டியும் பரவாயில்ல. எனக்குப் பைத்தியம் இல்லன்னு மட்டும் நீங்க ஒரு தடவ கேட்டுச் சொல்லிடுங்க."

"ஆரம்பி" என்றார் மாஸ்டர்.

நர்ஸ் பத்து. லாரி டிரைவர் பத்து. பேக்கரிக்காரர் பத்து. ப்ரூஃப் ரீடர் கண்களை மூடினார். ஏணியின் மேலே ஸ்க்ரூ டிரைவர் சத்தமும் நின்றுபோயிற்று.

"ஹானா!"

பத்தும் முடிந்தது. கண்ணைத் திறந்தார். மாஸ்டருடைய முகம் வெளிறி இருந்தது. மூவரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டுச்சா மாஸ்டர்?"

"கேட்டுச்சு."

"நான் சொன்னேன்ல! ஏதாவது... கண்ணுக்கும் தெரிஞ்சுதா?"

"நல்லாவே தெரிஞ்சுது."

ப்ரூஃப் ரீடர் ஓரடி முன்னால் நகர்ந்தார். திரும்பிப் பார்த்தார். ஆணி. அதன் கீழே அவரே திருத்தி எழுத வைத்த பலகை. நான்காம் விதி: 'பயிற்சித் தரையில் மூத்தவர் செய்யும் பிழையை இளையவர் வாய்விட்டுச் சொல்லலாகாது.' எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. வேறொன்றும் இல்லை.

"இவங்க யாரும் உன்கிட்ட எதுவும் சொல்லலையா?" என்றார் மாஸ்டர்.

"தெரியாதுன்னுதான் சொன்னாங்க மாஸ்டர். பாவம், அவங்களுக்கு எப்படித் தெரியும்? அது எங்க நிக்குது? எனக்கு மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?"

மாஸ்டர் பெருமூச்சு விட்டு வாயைத் திறப்பதற்குள், எந்த பெல்ட்டும் கட்டாத, எந்த விதியும் படிக்காத எலக்ட்ரீஷியன் ஏணி மேலிருந்து குனிந்து கேட்டார்.

"ஏன் சார், இவங்க மூணு பேரும் முடிச்சதும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு நாலாவது பத்த நீங்களேதான் கத்தி எண்ணினீங்க, அப்புறம் எதுக்கு சார் சும்மா சும்மா பின்னாடி திரும்பிப் பாக்குறீங்க?"