மிட்செல் படிக்காத பக்கம்

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி ஜப்பானுக்கு வந்து இறங்குவதாக அம்மா போனில் சொன்னதும், "ரொம்ப சந்தோஷம்மா" என்றான் மிட்செல். போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அம்மா வருவதில் அவனுக்கு வருத்தமில்லை. பெற்ற தாய். நெப்ராஸ்காவில் அத்தனை பெரிய வீட்டில் ஒண்டியாக இருக்கிறார். மகனுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் அவன் குடித்தனத்தை வந்து பார்த்ததில்லை. வரட்டும், தாராளமாக வரட்டும். செர்ரி பூக்கும்போது வரலாம். மீன் மலிவாகக் கிடைக்கும்போது வரலாம். கிறிஸ்துமஸுக்குத்தானா வரவேண்டும்?

இந்தப் பயம் ஏன் என்று தெரியவேண்டுமானால் பன்னிரண்டு வருஷம் பின்னால் போகவேண்டும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அப்போதுதான் வந்திருந்தான் மிட்செல். வந்த அன்றே நகராட்சி அலுவலகத்தில், வெளிநாட்டுக்காரர்களுக்கான கவுன்ட்டரில், யோரிகோ என்ற பெண் அவன் கையில் ஒரு கையேட்டைக் கொடுத்தாள். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து ஓரத்தில் பின் அடித்த நாற்பது தாள். எந்தக் கிழமை எந்தக் குப்பை, குளியல் தொட்டியில் இறங்குவதற்கு முன்னால் எங்கே உட்கார்ந்து சோப்பு போடுவது, கழிப்பறைச் செருப்போடு கூடத்துக்கு வரக்கூடாது, சாப்பிடுகிற குச்சியைச் சோற்றில் நட்டுவைக்கக்கூடாது என்று, எங்கள் ஊரில் ஒரு மனிதன் மானத்தோடு பிழைக்கத் தேவையான எல்லாம் அதில் இருந்தது. கூட வந்த மற்ற வாத்தியார்கள் அதைச் சூடான பாத்திரத்துக்கு அடியில் வைத்தார்கள். மிட்செல் மூன்று தடவை படித்தான். பதினான்காம் பக்கத்தைக் காணவில்லை என்று மறுநாள் கவுன்ட்டருக்கே போய் நியாயம் கேட்டான். யோரிகோ எழுந்து நின்று இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். பின் அடிக்கும்போது விட்டுப்போயிருக்கும், அதில் முக்கியமாக ஒன்றுமில்லை என்றாள். இத்தனை பணிவான பெண்ணைப் போய்ச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

அது ஆகஸ்ட். டிசம்பரில் அம்மா போன் செய்தார். பண்டிகை நாளில் தனியாக உட்கார்ந்து ரொட்டியைக் கடிக்காதே, உன்னைப்போலத் தனியாக இருக்கிற யாரையாவது கூப்பிட்டுச் சோறு போடு என்றார். அவர்கள் வீட்டில் அதுதான் வழக்கம். இருபத்திநாலாம் தேதி சாயங்காலம் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அத்தை, சித்தப்பா, நாதியற்ற பக்கத்து வீட்டுக்காரர் என்று இருபது பேரை உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள்.

எழுதி வைத்ததையும் அம்மா சொன்னதையும் தட்டாத பிள்ளை மிட்செல். நேரே கவுன்ட்டருக்குப் போய், இருபத்திநாலாம் தேதி சாயங்காலம் தனியாகவா இருக்கிறீர்கள் என்று யோரிகோவைக் கேட்டான். தனியாகத்தான் என்றாள். அப்படியானால் என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்றான். அடுத்த மேஜைக்காரர் ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கினவர் தூக்கின கையோடு நின்றார்.

எங்கள் ஊரில் இருபத்திநாலாம் தேதி சாயங்காலம் ஒருத்தன் ஒருத்தியைச் சாப்பிடக் கூப்பிட்டால், மிச்சத்தைப் பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். அன்றைக்கு ஜோடி ஜோடியாகப் பொரித்த கோழியும் ஸ்ட்ராபெரி கேக்கும் தின்பார்கள். மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவோம். குடும்பத்தோடு உட்காருவதெல்லாம் புத்தாண்டுக்குத்தான். கிறிஸ்துமஸுக்கு அத்தையைக் கூப்பிட்டால் அத்தைக்கே பயம் வந்துவிடும்.

இதெல்லாம் மிட்செலுக்குத் தெரியாது. யோரிகோ முத்துமாலை போட்டுக்கொண்டு, குடையில் பனியோடு, கையில் கேக்கோடு வந்து நின்றபோதும் தெரியவில்லை. இருபத்தாறாம் தேதி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னபோதுதான் விளங்கியது. அதற்குள் யோரிகோவின் அப்பா புத்தாண்டு சூப் குடிக்க வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். போனான். சூப் கிண்ணத்துக்கு மேலாக அந்தப் பெண்ணைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க, இது ஒன்றும் மோசமில்லையே என்று தோன்றியது. ஏப்ரலில் கல்யாணம்.

கல்யாணத்தில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. உண்மையைச் சொன்னால், அவள் இல்லாமல் அவனுக்கு ஒரு வேளை ஓடாது. தொல்லையெல்லாம் வருஷத்தில் ஒரு நாள்தான். இருபத்திநாலாம் தேதி வந்ததும் யோரிகோ கேக்கை வெட்டிக்கொண்டே, "அன்னிக்கு நீங்க வந்து கூப்பிட்டப்ப எனக்குக் கையெல்லாம் நடுங்கிடுச்சு" என்பாள். முதல் வருஷம் இவன், "எனக்கும்தான்" என்றான். அடுத்த வருஷம், கேட்பதற்கு முன்னால் மூன்று நாள் தூங்கவில்லை என்றான். அதற்கடுத்த வருஷம் கவுன்ட்டர் வாசல் வரை வந்து இரண்டு தடவை திரும்பிப் போனதாகச் சேர்த்துக்கொண்டான். பொய் குழந்தை மாதிரி வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. நாதியற்றவள் என்று நினைத்துச் சோறு போடக் கூப்பிட்டேன் என்று கட்டின மனைவியிடம் எந்த ஆம்பிளை சொல்வான்? சொன்னால் அவள் மனசு உடைந்துபோகாதா? அதனால் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் எப்படி என்று அவன் அவளிடம் வாயே திறந்ததில்லை. கல்யாணம் எப்படி நிச்சயமானது என்று அம்மாவிடமும் சொன்னதில்லை.

இப்போது அம்மா வருகிறார். அம்மா வாயைத் திறப்பதற்கென்றே பிறந்தவர்.

"உங்க ஊர் கிறிஸ்துமஸ் எப்படின்னு அம்மாகிட்ட விலாவாரியா கேக்கணும். நீங்கதான் ஒரு நாளும் சொன்னதில்ல" என்றாள் யோரிகோ, துவைத்த துணியை மடித்துக்கொண்டே. அவள் நகராட்சியில் பேசிப் பழகிய ஆங்கிலம் மிட்செலின் ஜப்பானியத்தைவிடச் சுத்தம். நடுவில் நின்று மொழிபெயர்க்கிறேன் என்று எதையாவது மாற்றிச் சொல்லவும் வழியில்லை.

மிட்செல் ஒரு திட்டம் போட்டான். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் காரிலேயே ஆரம்பித்தான். ஜப்பானில் கிறிஸ்துமஸ் அன்று பழைய கிறிஸ்துமஸ்களைப் பற்றிப் பேசுவது பெரிய மரியாதைக்குறைவு என்றான்.

டார்லீன் அம்மா மகனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்புறம் எதைப் பத்திடா பேசுவாங்க?"

"சாப்பாட்டைப் பத்தி."

மறுநாள் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மரமெல்லாம் விளக்கு. விளக்குக்குக் கீழே கைகோத்துக்கொண்டு இளசுகள். கிழவன் கிழவியெல்லாம் எங்கேடா, ஒரு குழந்தை குட்டியைக்கூடக் காணோமே, எல்லாம் ஜோடியாகவே திரிகிறார்களே என்று அம்மா கேட்டார். குளிருக்கு வீட்டில் இருப்பார்கள் என்றான். இருபத்தைந்தாம் தேதி எந்தெந்தக் கடைக்கு லீவு என்று கேட்டார். ஒன்றுக்கும் லீவில்லை, குப்பை வண்டிகூட வரும் என்றான். இயேசு பிறந்த நாளைக்குக் குப்பை வண்டியா என்று அம்மா அங்கேயே நின்றுவிட்டார்.

பெட்டியில், பரிசு போட்டுத் தொங்கவிட மூன்று பெரிய காலுறையும், வான்கோழிக்குத் தொட்டுக்கொள்ள டின்னில் அடைத்த சிவப்புப் பழக்கூழும் கொண்டுவந்திருந்தார். வான்கோழி வாங்கி முழுசாகச் சுடவேண்டும் என்று ஒரு ஆசை. யோரிகோ அடுப்புக்கு அடியில் இருந்த மீன் சுடும் இழுப்பறையை இழுத்துக் காட்டினாள். அதில் வான்கோழியின் தலையைக்கூட வைக்கமுடியாது. கவலைப்படாதீர்கள், பொரித்த கோழிக்கு அக்டோபரிலேயே முன்பதிவு செய்துவிட்டேன் என்றாள். கோழிக்கு முன்பதிவா என்று அம்மா மகனைப் பார்த்தார். மகன் ஜன்னலைப் பார்த்தான்.

இருபத்திநாலாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். மிட்செல் வேண்டுமென்றே நடுவில் உட்கார்ந்துகொண்டான். அம்மா கோழியை ஒரு கடி கடித்துவிட்டு, "எங்க வீட்ல இந்த நாளுக்கு..." என்று ஆரம்பித்தார். மிட்செல் இன்னொரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தான். "உங்க மாமனார் இருந்தப்போ..." என்று மறுபடி எடுத்தார். இன்னொரு துண்டு. "மெழுகுவத்தி ஏத்திட்டு..." ஒரு கால். அம்மாவின் தட்டில் எலும்பு குவிந்தது. ஐந்தாவது துண்டோடு அம்மா தட்டைக் கையால் மூடிக்கொண்டார். பெட்டியும் காலியாகிவிட்டது.

"போதும்டா. என்னைக் கொல்லப் பாக்கிறியா?" என்று வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "இவன் பேசக்கூடாதுங்கிறான். நான் எழுபது வயசுக்காரி, எனக்கென்ன. எங்க ஊர்ல இன்னிக்கு யாரும் தனியா சாப்பிடக்கூடாதும்மா. பெட்ரோல் போட வந்தவனைக்கூட உள்ளே கூப்பிட்டு உக்கார வைப்போம். இவனும் நல்ல பிள்ளைதான். இங்க வந்த முதல் வருஷம் நான் போன்ல சொன்னேன்னு, யாரோ ஆபீஸ்காரப் பொண்ணாம், பாவம், யாருமில்லாம இருந்தாளாம், அவளைக் கூப்பிட்டுச் சோறு போட்டான். ஏன்டா மிட்செல், அந்தப் பொண்ணு அப்புறம் என்னடா ஆனா?"

மிட்செலின் கை காலிப் பெட்டிக்குள் இன்னொரு துண்டைத் தேடியது.

"அது நான்தாம்மா" என்றாள் யோரிகோ.

அம்மா வாய் துடைத்த துணியைக் கீழே வைத்தார். யோரிகோ எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, அடுத்த அறைக்குப் போனாள். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பெட்டி கட்டத் துணியை எடுக்கிறாள் என்று மிட்செல் நினைத்தான். பன்னிரண்டு வருஷமாக எந்த நாளுக்குப் பயந்தானோ அந்த நாள் வந்துவிட்டது. எழுந்து ஓடிப்போய் அவள் காலில் விழுவதா, முதலில் அம்மாவைத் திட்டுவதா என்று புரியவில்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தான்.

யோரிகோ திரும்பி வந்தாள். கையில் துணி இல்லை. கல்யாண ஆல்பம் இருந்தது. அதன் கடைசி அட்டையிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்து மிட்செல் முன்னால் வைத்தாள். ஓரத்தில் பின் அடித்த இரண்டு ஓட்டை. கீழே பதினான்கு என்று எண்.

படித்தான். டிசம்பர் இருபத்திநாலாம் தேதி மாலை இந்த நாட்டில் காதலர்களுக்கான நேரம் என்றும், உங்கள் நாட்டு வழக்கப்படி நல்லெண்ணத்தில் ஒரு பெண்ணை அன்று தனியாகச் சாப்பிட அழைத்தாலும் இங்கே அதைக் கல்யாணப் பேச்சாகவே எடுத்துக்கொள்வார்கள் என்றும், அந்த எண்ணம் இல்லாதவர்கள் தயவுசெய்து அழைக்கவேண்டாம் என்றும், தடித்த எழுத்தில், தெளிவான ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"அப்போ... நான் சும்மாதான் கூப்பிட்டேன்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"அந்தப் பக்கத்தை எழுதினதே நான்தாங்க."

டார்லீன் அம்மா தாளை இழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அந்த வருஷம் எத்தனை வாத்தியார்கள் வந்தார்கள் என்று கேட்டார். ஒன்பது பேர் என்றாள் யோரிகோ. ஒன்பது பேர் புத்தகத்திலுமா கிழித்தாய் என்றார்.

"இல்லம்மா, இவரோடதுல மட்டும்தான். அன்னிக்கு ஒன்பது பேரும் ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு உள்ளே வந்தாங்க. இவர் ஒருத்தர்தான் வாசல்ல ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிச்சுட்டுக் குனிஞ்சு, தன்னோடதைத் திருப்பி வச்சு, மத்த எட்டு ஜோடியையும் நேராக்கி வச்சிட்டு வந்தார். எழுதிக் குடுத்தா அப்படியே நடக்கிற மனுஷன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அந்தப் பக்கம் மட்டும் இருந்திருந்தா இவர் என்னை ஜென்மத்துக்கும் கூப்பிட்டிருக்க மாட்டார்."

பன்னிரண்டு வருஷமாக அவள் மனசு உடையக்கூடாதே என்று பொத்திப் பொத்தி வைத்தவன் மிட்செல். அத்தனை நாளும் அவள் அவனைப் பொத்தி வைத்திருக்கிறாள். சந்தோஷமாக இருந்தது. கூடவே, பதினான்காம் பக்கத்துக்காக அன்றைக்கு அவள் இடுப்பு வரை குனிந்து கேட்ட மன்னிப்பு ஞாபகம் வந்து, லேசாகக் கோபமாகவும் இருந்தது.

"அப்போ மூணு நாள் தூங்கலைன்னு நான் வருஷா வருஷம் சொன்னதெல்லாம்?"

"கேக்க நல்லா இருந்துச்சு. அதான் நிறுத்தச் சொல்லல."

அம்மா சிரித்த சிரிப்பில் மேஜைமேல் இருந்த பழக்கூழ் குலுங்கியது. மருமகளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கேக்கில் பெரிய ஸ்ட்ராபெரியாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தார். மகன் தட்டில் ஒன்றும் வைக்கவில்லை. இரண்டு பெண்களும் தலையோடு தலை சேர்த்து ஆல்பம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மிட்செல் தன் காலித் தட்டைப் பார்த்தான். இந்த வீட்டில் இனி ஒரு விஷயத்திலாவது தன் பேச்சு எடுபடவேண்டும் என்று மனசுக்குள் சபதம் எடுத்துக்கொண்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த வருஷம் இருபத்திநாலாம் தேதி எப்படிக் கொண்டாடுவது என்பதை இந்த வீட்டு ஆம்பிளையாக நான்தான் முடிவு செய்வேன் என்றான்.

"செய்யுங்க" என்றாள் யோரிகோ, ஆல்பத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்போ அந்த எலும்பையெல்லாம் கட்டி வைங்க. நாளைக்கு எரியுற குப்பை. பதிமூணாம் பக்கம்."