மிஸ் அடித்த ஞாயிற்றுக்கிழமை

கார் ஓட்டப் பழகிய ஆண்களுக்கு, காரைத் திருத்தவும் தங்களுக்குத் தெரியும் என்று தோன்றுகிற ஒரு வயது வரும். சிலருக்கு ஒரு வாரத்தில் தெளிந்துவிடும். எனக்கு அது இருபத்தெட்டாவது வயதில் வந்து, போகும்போது என் கல்யாணத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போகப் பார்த்தது.

அப்போது நான் கொட்டாஞ்சேனையில் அப்பா அம்மாவோடு இருந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை. என்னை விட நான்கே வயது இளைய ஒரு ஜப்பான் காரை அந்த வருடம்தான் வாங்கியிருந்தேன். (வெள்ளை நிறம் என்று பதிவுப் புத்தகத்தில் எழுதியிருந்தது. நேரில் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை.) அதே அலுவலகத்தில் வேலை செய்த சர்மிளாவை ஒரே ஒரு நாள் அதில் ஏற்றி, வெள்ளவத்தையில் அவள் வீட்டு ஒழுங்கை முனையில் இறக்கியிருக்கிறேன். அந்த ஒரு பயணத்திலேயே, அவள் கேட்காமலே, இந்தக் காருக்கு மெக்கானிக்கும் நான்தான் என்று சொல்லி வைத்தேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

சர்மிளாவின் அம்மா பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை மிஸ் என்றுதான் கூப்பிடும். மருந்துக்கடைக்காரருக்கு மிஸ், பேக்கரிப் பாண் கொண்டுவருகிறவருக்கு மிஸ். வீட்டுக்குள் அவருடைய கணவருக்கும் மிஸ்தான். "மிஸ், தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று அவர் கேட்பதைச் சர்மிளா எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள்.

எங்கள் காதல் விஷயம் எட்டு மாதமாக அந்த வீட்டில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் யாழ்ப்பாணத்துச் சைவம். நாங்கள் கொட்டாஞ்சேனை வேதக்காரர், கிறிஸ்தவர்கள். கடைசியில் மிஸ், ஆட்களைப் பார்க்காமல் தான் எதுவும் சொல்லமாட்டேன் என்று இறங்கி வந்தார். ஞாயிறு பின்னேரம் நான் காரில் வந்து அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் என் வீட்டைக் காட்டுவது என்று ஏற்பாடு. சர்மிளா எனக்குத் தெளிவாகவே சொன்னாள். "அம்மா ஓம் எண்டால் ஓம். அவ இல்லை எண்டால் நான் அவவை விட்டிட்டு வரமாட்டன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

வியாழக்கிழமை கார் நடுங்கத் தொடங்கியது. ஓடும்போது பெரிதாகத் தெரியாது. சிக்னலில் நின்றால் போதும், காய்ச்சல்காரன் மாதிரி உதறும். கார் நின்ற இடத்தில் எஞ்சின் மட்டும் ஓடுவதை எங்கள் ஊர் கராஜ்களில் 'ஸ்லோ' என்பார்கள். என் காரின் ஸ்லோ போய்விட்டது. அடுத்த தெருவில் கராஜ் வைத்திருந்த செபஸ்தியான் அண்ணன் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அரை நிமிடம் கேட்டார்.

"மிஸ் அடிக்குது தம்பி."

நான்கு சிலிண்டரில் ஒன்று தன் முறை வரும்போது எரியாமல் சும்மா இருந்தால் அதற்குப் பெயர் மிஸ். தமிழிலும் சிங்களத்திலும் அதே சொல்தான். தங்கச்சியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம், தான் நீர்கொழும்புக்குப் போகிறேன், திங்கட்கிழமை கொண்டுவா என்றார் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை என்னவென்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. (மெக்கானிக்குக்கு மெக்கானிக் எதற்கு?)

சனிக்கிழமை போனில் ஒரு வீடியோவை நான்கு தடவை பார்த்துவிட்டு இறங்கினேன். முறை சுலபம்தான். எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் நடுக்கம் கூடும். எதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லையோ, அதுதான் நோயாளி. முதல் வயரைத் தொட்டதும் எனக்கு அடித்த கரண்டில் என் தலை பொனட்டில் மோதியது. மிச்சத்தை அம்மாவின் பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறையோடு செய்தேன். மூன்றாவதைக் கழற்றியபோது எஞ்சின் கவனிக்கவே இல்லை. கண்டுபிடித்துவிட்டேன்! புதுப் பிளக் ஒன்று வாங்கி மூன்றாவதில் பூட்டி, பழைய வயரையே அதன் மேல் அழுத்தி, ஸ்டார்ட் பண்ணினேன். கார் முன்பு போலவே உதறியது. பிழை வயரில் இருக்கலாம் என்று எனக்குக் கடைசிவரை தோன்றவில்லை. பிளக்கைக் கழற்றிப் பூட்டிக் கழற்றிப் பூட்டியே சனிக்கிழமை போனது.

ஞாயிறு மூன்று மணிக்கு அப்படியே வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தேன். நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்ற பயத்தில் எஞ்சினை ஓடவிட்டு, ஒழுங்கையில் நின்ற த்ரீவீல்காரச் சிங்கள அய்யேயிடம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். மிஸ் சேலை உடுத்தி, கைப்பையை மடியில் வைத்து ஆயத்தமாக இருந்தார். சர்மிளாவின் அப்பா தேத்தண்ணி கொண்டுவந்தார். கீழே என் கார் உதறுவது மேலே வரைக்கும் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டதோ என்னவோ. ஒரு போன் எடுக்கவேண்டும் என்று சொல்லி பெல்கனிக்குப் போனேன்.

நீர்கொழும்பில் ஞானஸ்நான வீட்டில் பாட்டும் ஆட்டமும். அண்ணனுக்கு நான் பேசுவது கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ரயிலும் போனது. நான் கத்தினேன். ஹோலில் இருந்தவர்களுக்குக் கேட்டது இவ்வளவும்:

"அண்ணன், மிஸ் இன்னும் சரிவரல்ல! ஓம், மிஸ்தான்! நானும் நேத்துத் தொடக்கம் பாக்கிறன், மிஸ் அடங்கிற மாதிரி இல்ல. காலையில கூட. சூடேறினாக் கொஞ்சம் குறையும், ஆனா ஏசியப் போட்டா திரும்பத் தொடங்கிரும். ஓம் ஓம், வயசு போன சாமான்தானே. எனக்கு என்ன பயமெண்டா நடுரோட்டில நிண்டிரும். இண்டைக்கு ஒரு நாள் எப்பிடியாவது சமாளிச்சிட்டா, நாளைக்கு உங்களுக்கிட்டயே கொண்டாந்து விட்டுர்றன். நீங்க கழட்டிப் பாருங்க."

உள்ளே வந்தேன். சர்மிளா வாயில் கையை வைத்திருந்தாள். அவளுடைய அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்துக் கதிரையில் வைத்தார்.

"தம்பி, நான் வரேல்ல."

காரின் நிலைமை தெரிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். (இருபத்தெட்டு வயதில் மூளை கொஞ்சம் பிந்தித்தான் ஸ்டார்ட் ஆகும்.) "ஏன் மிஸ்?" என்று கேட்டேன்.

"வயசு போன சாமான். நடுரோட்டில நிண்டிடுவன்."

அப்போதுதான் நான் கத்தியதெல்லாம் ஒவ்வொரு வரியாகத் திரும்பி என் காதுக்கு வந்தது. எட்டு மாதம் சர்மிளா அழுது, கோபித்து, சாப்பிடாமல் இருந்து வாங்கித் தந்த ஒரு பின்னேரத்தை நான் ஒரு நிமிடத்தில் கெடுத்துவிட்டேன். அவளைப் பார்க்க எனக்கு முகமில்லை. விளக்கம் சொல்லத் தொடங்கினேன். நான் சொன்ன மிஸ் இந்த மிஸ் இல்லை, அது வேறு மிஸ் என்று ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் நான் பேசிய ஆக மோசமான வசனம் அதுதான். 'வேறு மிஸ்' என்றதும் சர்மிளாவின் முகமும் மாறியது.

கீழேயிருந்து த்ரீவீல்காரர் தொண்டை கிழியக் கத்தினார்.

"மல்லி! வாஹனே ஹொந்தடம மிஸ் கஹனவா! ஓஃப் கரன்னத?"

தம்பி, வாகனம் நன்றாகவே மிஸ் அடிக்கிறது, நிறுத்தட்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு சர்மிளாவின் அப்பா சிரிக்கத் தொடங்கினார். மனுஷன் பயந்து பயந்துதான் தொடங்கினார், பிறகு அடக்க முடியாமல் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். மிஸ் எழுந்து பெல்கனிக்குப் போனார். வாகனம் எப்படி மிஸ் அடிக்கும் என்று த்ரீவீல்காரரிடம் சிங்களத்தில் விசாரித்தார். கீழேயிருந்து நான்கு விரலைக் காட்டி, ஒன்றை மடக்கி அவர் விளக்கினார். மிஸ் உள்ளே வந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

காரில் மிஸ் முன்னுக்கு என் பக்கத்தில். மற்ற இருவரும் பின்னால். காலி வீதி என்ற அந்தப் பெருந்தெருவில் அன்றைக்கு ஒரு சிக்னலாவது எனக்குப் பச்சையாக இருக்கவில்லை. நின்ற இடமெல்லாம் கார் உதற, மிஸ்ஸின் மூக்குக்கண்ணாடி மூக்கிலிருந்து இறங்க, அவர் விரலால் மேலே தள்ளினார். பம்பலப்பிட்டி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"எத்தினை சிலிண்டர்?"

"நாலு, மிஸ்."

"எத்தினை வேலை செய்யுது?"

"மூண்டு."

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, காரின் முன்பலகையைக் குனிந்து பார்த்தார். பாடசாலையில் விடைத்தாள் திருத்தும்போதும் அப்படித்தான் இருந்திருப்பார்.

"நாலில மூண்டு எண்டால் எழுபத்தைஞ்சு. எழுபத்தைஞ்சுக்கு ஏ குடுக்கலாம்."

காருக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா என்று விளங்கவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் சர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தன் அம்மாவைத் தெரியும். எனக்குச் சிக்னல் பச்சையானதுகூடத் தெரியவில்லை, பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்ன் அடித்துத்தான் சொன்னார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் என் அம்மா பொரித்த கட்லட்டில் மிஸ் மரக்கறி கட்லட்டாகப் பார்த்து மூன்று சாப்பிட்டார். இருட்டும் நேரம் நீர்கொழும்பிலிருந்து வந்திறங்கிய செபஸ்தியான் அண்ணன், ஞானஸ்நான வீட்டுச் சட்டையோடு பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, வயர்களின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். மூன்றாவது வயரின் வெடிப்பிலிருந்து நீலமாகப் பொறி பறந்தது. வயரை மாற்ற ஐந்து நிமிடம். "பிளக் புதுசு போல" என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் மிஸ் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு, சர்மிளாவின் அப்பா, என் மாமா, உயிரோடு இருந்தவரைக்கும் தினமும் காலையில் எனக்குப் போன் எடுத்து மிஸ்ஸின் நிலவரம் சொல்வார். "இண்டைக்கு ஸ்லோ சரி, வரலாம்" என்பார். சில நாள் குரலைத் தாழ்த்தி, "மிஸ் அடிக்குது, பின்னேரமா வாரும்" என்பார். அவர் போன பிறகு அந்தப் போன் வராத காலைகள் எனக்கு இன்னும் பழகவில்லை.

போன வருடம் மிஸ்ஸை நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் ஆறேழு வயர் ஒட்டி, பக்கத்தில் திரை ஓடிக்கொண்டிருந்தது. இளம் டொக்டர் ஒருவர் வந்து, பயப்படாதீங்கள், துடிப்பு இடைக்கிடை மிஸ் ஆகுது, அவ்வளவுதான் என்றார். சர்மிளா அழப்போனாள். மிஸ் மூக்கில் பூட்டியிருந்த குழாயை ஒரு விரலால் விலக்கினார்.

"டொக்டர், முதல்ல வயரைப் பாருங்கோ. இந்தத் தம்பி பிளக்கை மாத்தி மாத்தியே ஒரு நாளை விட்டவர்."

டொக்டர் ஒன்றும் புரியாமல், உண்மையாகவே குனிந்து வயர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். மிஸ் சிரிப்பை அடக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கட்டில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.