அத்தான் வடிகட்டிய குயினோன்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, உடன்பிறந்தவன் வணங்கி எழுதுவது. இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை; வீட்டில் உனக்கிருந்த ஒரே தொல்லையைத்தான் தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு என் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுகிறாயே.

அத்தானைத்தான் சொல்கிறேன். சர்க்கரை ஆலையில் ஓய்வு பெற்றாரே தவிர, அவர் கைக்கு இன்னும் ஓய்வு வரவில்லை. நேற்று என் மூலக்கூறுக்குக் கடைசிப் படி. இரண்டு வருடமாக அதன் ஒரு கைக்கு உறை மாட்டி, மற்ற வினைகளில் அது மூக்கை நுழைக்காமல் பார்த்துக்கொண்டேன். அந்த உறையைக் கழற்றத்தான் குயினோன் வகையில் ஒரு மஞ்சள் தூள். ஹைட்ரஜன் எங்கே கிடைக்கும் என்று அலைகிற பொருள். ஈரம் பட்டால் நச்சு வாயுவைக் கக்கும் என்பதால் உன் நகைகளைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறேன். போட்டதும் கரைசல் கறுத்தது, உறை கழன்றது, ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்ட குயினோன் வெளுத்துப்போய் வண்டலாகப் படிந்தது. அது வெறும் சக்கை. எனக்கு வேண்டியதெல்லாம் திரவத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து இயக்குநர் கூப்பிட, "அத்தான், இதைக் கொஞ்சம் வடிகட்டி வைங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தால் சக்கையைப் பதமாகக் காயவைத்துப் புட்டியில் அடைத்திருக்கிறார்.

"பாரு மச்சான், ஒரு துகள்கூடச் சிந்தல."

"வடிஞ்சு கீழ இறங்கின தண்ணி எங்க?"

"அந்த அழுக்கா? அதை அப்பவே அப்புறப்படுத்திட்டேன்."

ஆலையில் பாகு வடிந்துபோகும், சர்க்கரை தங்கும். இங்கே தலைகீழ் என்று அவருக்குச் சொல்லாதது யார் குற்றம் என்று நீ கேட்பாய், கேட்காதே. மறுபடி செய்ய இரண்டு வருடம் வேண்டும், ஓய்வு பெற எனக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது. அக்கா, அழுதுவிட்டேன். அதன்பின் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை, இனியும் பேசுவதாக இல்லை.

ஆகவே நாளை முதல் சாப்பாட்டை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பு, இல்லையேல் பட்டினி கிடக்கிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அத்தானுக்கு மட்டும் எதுவும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
நொந்துபோன தம்பி

பி.கு.: இதை உன்னிடம் சேர்க்க அவரை விட்டால் ஆளில்லை. ஒட்டுவதற்குள் படித்துவிட்டார். "கொட்டினேன்னு நான் எப்ப சொன்னேன்? எந்த ஆலையிலயாவது கழிவுப்பாகைக் கொட்டுவாங்களா? சாராயம் காய்ச்சுறவன் கொத்திக்கிட்டுப் போவான். உன் எவர்சில்வர் தண்ணி பாட்டில்ல ஊத்தி, பையிலயே வச்சிட்டேன்" என்கிறார். திறந்து பார்த்தேன், அப்படியே இருக்கிறது. நேற்றிலிருந்து கோபத்தில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அதனால் அதுவும் பிழைத்தது, நானும் பிழைத்தேன். நாளைக்கும் அத்தானையே அனுப்பு. குடிக்க மட்டும் வேறு பாட்டில் வேண்டும்.