ரெஜிஸ்ட்ரிக் குப்பை

மகன் வேல்ராஜின் முகம் கம்ப்யூட்டர் திரையில் மறுபடியும் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்திருந்தது.

"ஏலே வேலு, கேக்குதா?" என்றார் சிவனணைந்தபெருமாள். சற்று நேரம் பார்த்துவிட்டு அவரே அழைப்பைத் துண்டித்தார்.

இலஞ்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு அவர். வேல்ராஜ் ராணுவத்தில், மனைவி மகளோடு ஜபல்பூரில். ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பு. வடகரையில் உள்ள குடும்ப வயலைப் பற்றியோ, ஊருக்கு வருவதைப் பற்றியோ பேச்சை எடுத்தால் போதும், படம் நின்றுவிடும்.

"போன்லயே பேசிட்டா என்ன?" என்றாள் மனைவி மாரித்தாய்.

போனில் மகன் முகம் கட்டைவிரல் அளவுதான் தெரிகிறது என்று அவர் மறுத்துவிட்டார்.

கோளாறு எங்கே என்று யூடியூபில் தேடினார். கம்ப்யூட்டரின் அமைப்பு விவரங்கள் எல்லாம் ரெஜிஸ்ட்ரி என்ற இடத்தில் இருக்குமாம். அங்கே குப்பை சேர்ந்தால் ஓட்டம் மந்தமாகுமாம். குப்பை என்றதுமே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இலவசமாகக் கிடைத்த மென்பொருள் ஒன்றை இறக்கினார். அது ஆயிரக்கணக்கில் பிழைகளைக் காட்டியது. விசாரணையே இல்லாமல் எல்லாவற்றையும் அழித்தார்.

அடுத்த ஞாயிறு கேமரா வேலை செய்யவில்லை.

அதைச் சரிசெய்ய இன்னொரு மென்பொருளைப் போட்டார். கேமரா வந்தது, ஒலி போய்விட்டது. மகனும் தந்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கையாட்டிக்கொண்டார்கள். இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று அவரே ரெஜிஸ்ட்ரியைத் திறந்தார். வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் சந்தேகக் கேஸில் சேர்த்து ஒழித்தார். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. போனில் வேறொரு வீடியோவைப் பார்த்து, மொத்தத்தையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட முயன்றார். துடைப்பது மட்டும் நடந்தது. வேல்ராஜின் கல்யாணப் படங்கள், பேத்தி மஞ்சு பிறந்தபோது எடுத்த படங்கள், எல்லாம் போயின.

அன்று மாரித்தாய் அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்குப் போனார். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மிஸ்ரியா நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"ரெஜிஸ்ட்ரியச் சுத்தம் பண்ணணும்னு யாரு சொன்னா அண்ணாச்சி? அதைச் சும்மா விட்டாலே நல்லா ஓடும்."

எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். படங்கள் மட்டும் திரும்பவில்லை.

ஞாயிறு. மகன் முகம் கண்ணாடிபோல் தெளிவாக வந்தது. சிவனணைந்தபெருமாள் நாற்காலியைத் திரைக்கு இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதைச் சொன்னார். ஐந்தருவியில் நல்ல தண்ணீர் என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அம்மைக்கு முட்டு ஆபரேஷன் செய்யணும்னு டாக்டர் சொல்லுதாரு. லீவு போட்டுட்டு எப்பலே வருதே?"

வேல்ராஜின் முகம் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்திருந்தது.

சிவனணைந்தபெருமாள் மௌஸைத் தட்டினார். வயரை அசைத்துப் பார்த்தார். மிஸ்ரியாவை மனதுக்குள் திட்டினார்.

அப்போது வேல்ராஜின் பின்னாலிருந்து, தலைவாரிய சீப்பைக் கையில் பிடித்தபடி, பேத்தி மஞ்சு திரைக்குள் நடந்து வந்தாள்.

"அப்பா, தாத்தா இன்னும் கட் பண்ணலையா? எவ்வளவு நேரந்தான் இப்படி அசையாம இருப்பீங்க?"