அவள் சட்டை பண்ணிய மிதவைச் சட்டை

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, இரண்டு சட்டைகளோடு சுறாவின் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

சுறா மீனல்ல. ஆழ்கடலில் மூழ்குவதற்கான சாமான்களை விற்பவர். நீச்சல் குளத்தில் அதைக் கற்றும் கொடுப்பவர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. பல் முழுவதும் தெரியச் சிரிப்பார். விலை சொல்லும்போது இன்னும் இரண்டு பல் கூடுதலாகத் தெரியும்.

சட்டை என்றால் நீங்கள் போடுகிற சட்டை இல்லை. மிதவைச் சட்டை. கை கிடையாது; முதுகில் காற்று உருளையைத் தாங்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் சட்டைக்குள் காற்று ஏறும், ஆள் மேலே வருவான். இன்னொன்றை அழுத்தினால் காற்று இறங்கும், ஆள் கீழே போவான். கல்யாணமானவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

என் பழைய சட்டை நாலரை கிலோ. என் மனைவிக்கோ விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளை எடைபோடும் கவுன்ட்டரில் வேலை. பெட்டியை மட்டுமா? வரிசையில் நிற்கும் ஆளையும் சேர்த்தே எடைபோட்டுவிடுவாள். முதல் சந்திப்பிலேயே என்னை எடைபோட்டு, 'பரவாயில்லை, எடுத்துக்கலாம்' என்று முடிவு செய்தவள் அவள். போன வருடக் கடல் பயணத்தில் என் சட்டைக்கு இடம் விட்டு அவளுடைய மூன்று உடுப்புகள் வீட்டிலேயே தங்கிவிட்டன. அதனால் இந்த வருடம் சட்டம் வந்துவிட்டது.

"ரெண்டு கிலோவுக்கு மேல ஒரு சட்டையும் என் பெட்டியில ஏறாது. அங்க போய் வாடகைக்கு எடுத்துக்குங்க."

வாடகைச் சட்டை என்றால், அதை ஊதும் குழாயில் யார் யாரோ வாய் வைத்திருப்பார்கள். போன முறை படகில் ஒருவர் அதைக் கடித்துக்கொண்டே ஏதோ யோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதோடு முடிவு செய்துவிட்டேன். எனக்கென்று ஒரு சட்டை. இல்லாவிட்டால் எனக்குக் கடலே வேண்டாம்.

"இது ஒண்ணே முக்கால் கிலோ சார்" என்றார் சுறா. "முதுகுப் பலகை கிடையாது, இரும்பு வளையம் கிடையாது. மடிச்சா துண்டு மாதிரி."

போட்டுப் பார்த்தேன். இடுப்புப் பட்டையின் இரு முனைகளும் என் வயிற்றின் இரு கரைகளில் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நடுவே பாலம் கட்ட வேண்டியிருந்தது.

"பெரிய சைஸ்?"

"இதுல சின்னது மட்டும்தான் சார் இருக்கு. உங்களுக்கு அதுதான்" என்று இன்னொன்றைக் காட்டினார். கச்சிதமாக இருந்தது. மூன்றரை கிலோ.

இருபத்திரண்டு வருடமாகப் பத்திரிகையில் தலைப்புப் போடுகிறவன் நான். மேலே ஒரு தலைப்பு, உள்ளே வேறு செய்தி என்பது எனக்குப் புதிதல்ல. லேசான சட்டையைக் காட்டி வீட்டில் அனுமதி வாங்குவது. பெட்டி கட்டும் நாளில் கனமானதை உள்ளே வைப்பது. விமானத்தில் ஏறியபிறகு தெரிந்தால் தெரியட்டும். பெல்ட் போட்டு உட்கார்ந்தபடி எவ்வளவுதான் திட்ட முடியும்?

இரண்டையும் வாங்கிக்கொண்டு, திட்டத்தைச் சுறாவிடம் சொன்னேன்.

"மேடம்கிட்டயா சார்?" என்று சிரித்தார். விலை சொன்னபோது தெரிந்ததைவிட அதிகமான பற்கள் தெரிந்தன. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை. மனைவி சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க அது, பையா?"

"மிதவைச் சட்டை. தூக்கிப் பாரு."

ஒரு விரலில் தூக்கினாள். "ஒண்ணே முக்கால்" என்றாள். தராசைக் கொண்டுவந்து தொங்கவிட்டேன். ஒண்ணே முக்கால்.

"பரவாயில்லையே! முதல் தடவையா ஒரு விஷயத்துல கனத்தைக் குறைச்சிருக்கீங்க."

"மத்ததுல எல்லாம் எங்க கனம்?"

"மேல தலையில. நடுவுல வயித்துல. மிச்சம் பேச்சுல. சரி, அப்ப இதுதான் கடலுக்கு வருது?"

"இதேதான்."

"கடைசி நேரத்துல வேற சட்டை, வேற கதைன்னு வரமாட்டீங்களே?"

"சேச்சே! இது ஒண்ணுதான் பெட்டியில ஏறும். வேற எந்தச் சட்டை ஏறினாலும் நீயே தூக்கி வெளிய போடு."

"இதை அக்காகிட்ட சொல்லுங்க பார்ப்போம்."

அவள் அக்கா சாட்சியாக வந்துவிட்டால் நீதிமன்றம் தேவையில்லை, நேரே தண்டனைதான். ஆனாலும் துணிந்து போனில் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னேன்.

"நல்லாக் கேட்டுக்கிட்டேன் தம்பி" என்றார் அக்கா. அந்தக் குரலில் இருந்த குதூகலம் எனக்குப் புரியவில்லை.

மனைவி போனை வைத்தாள். "சரி, போட்டுக் காட்டுங்க."

"இப்பவா? இப்பதானே சாப்பிட்டேன்."

"நேத்தும் சாப்பிட்டுட்டுத்தான் கடைக்குப் போனீங்களா? பட்டை ஒரு சாண் குறைஞ்சுதாமே."

"யார் சொன்னது?"

"என் மாஸ்டர்."

"எந்த மாஸ்டர்?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சட்டையை எடுத்துத் தன் தோளில் மாட்டினாள். டக். டக். டக். எல்லாக் கொக்கிகளும் பொருந்தின. அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது.

இரவுப் பணி முடிந்த காலைகளில் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொன்னவள், சுறாவின் நீச்சல் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். ஈரத் தலையோடு திரும்புவதை நானும் கவனித்தேன். தோழி வீட்டில் தண்ணீர் வசதி நன்றாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, நானே சொல்லித்தரேன்னு வந்து நின்னிருப்பீங்க."

உண்மை.

"உனக்கெதுக்கும்மா இந்தக் கடலெல்லாம்?"

"வருஷா வருஷம் மேல வந்து, அதைப் பார்த்தேன் இதைப் பார்த்தேன்னு அளக்கறீங்க. அதுல பாதி பொய்னு தெரியும். எந்தப் பாதின்னு தெரிய வேணாமா?" கொக்கிகளைக் கழற்றிக்கொண்டே குரலைத் தணித்தாள். "அப்புறம், தண்ணிக்குள்ள யாரும் பேச முடியாதாமே. நீங்க பக்கத்துலயே இருக்கணும், பேசாம இருக்கணும். ரெண்டும் ஒண்ணா வேற எங்க கிடைக்கும்?"

மனசு காற்று ஏறிய சட்டை மாதிரி மேலே போனது. பாதி வழியில்தான் முக்கியமான விஷயம் நினைவுக்கு வந்தது.

"அப்ப என் சட்டை?"

"பெட்டியில ஒரு சட்டைதான் ஏறும். வேற எது ஏறினாலும் தூக்கி வெளிய போடச் சொல்லியிருக்கீங்க. அக்காவும் கேட்டாங்க."

கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்வதைச் சட்டை பண்ணாதவள், அன்று ஒரே ஒரு வாக்கியத்தைச் சட்டை பண்ணினாள். அதைப் போய்ச் சொல்லித் தொலைத்தேனே!

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, என் மனைவி பதினான்கு மீட்டர் ஆழத்தில் ஓர் ஆமையைப் பார்த்தாள். வாடகைக் கடையில் என் அளவுக்குச் சட்டை இல்லாததால், நான் படகில் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.