பனங்கருக்கு நகரில் மூன்று வளைதான் பாக்கி

ஒரு காட்டில், அதாவது காடு என்று வாய்கூசாமல் சொல்ல இன்னும் நாலு மரம் மிச்சமிருந்த இடத்தில், திரவியம் என்றொரு பெருச்சாளி குடியிருந்தது. மேட்டில் வளை. நல்ல காற்றோட்டம், அக்கம்பக்கம்தான் கிடையாது. மனைவி கோமளத்துக்கு நிறைமாதம்.

"ஏங்க, மழை பிடிக்கிறதுக்குள்ள ஸ்கூல், பஸ் எல்லாம் இருக்கிற ஊரா பார்த்துப் போயிடணும். இந்தப் பொட்டல்ல பிள்ளைகளை வச்சுக்கிட்டு நான் யார் மூஞ்சியைப் பார்க்கிறது?" என்றது கோமளம்.

திரவியம் சும்மா கிளம்புகிற ஆளா? நோட்டில் கட்டம் கட்டி, புறநகர்களின் பெயரை வரிசையாக எழுதிக்கொண்டு புறப்பட்டது.

முதலில் குயில்தோப்பு அவென்யூ. குயிலும் இல்லை, தோப்பும் இல்லை. பெரிதாக ஒரு ஆர்ச் மட்டும் இருந்தது. அங்கே குடிபோயிருந்த முயல் பரந்தாமனிடம், "மழைக்குத் தண்ணி நிக்குமா சார்?" என்று கேட்டது.

"நம்ம ஏரியாவுல ஒரு சொட்டு நிக்காது. லேக் வியூவுலதான் இடுப்பளவு நிக்கும். ஸ்டேஷன் இங்கேருந்து பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம் முயலுக்கு. திரவியம் நடந்து பார்த்தது; பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் தாமரை லேக் வியூ. ஏரியைக் காணோம். அதை மண்ணடித்து மூடி, அதன்மேல்தான் ஊரே உட்கார்ந்திருந்தது. "இங்கேயா? நிக்கவே நிக்காதுங்க. மயில் கார்டன்லதான் படகு விடுறாங்க" என்றது முள்ளம்பன்றி சடகோபன்.

மயில் கார்டனில் நரி ஆராவமுதன் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. சுவரில் முழங்காலுக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு ஓடியது. அதன்மேல்தான் மூன்றாவது கோட்டிங். "பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது? குயில்தோப்புலதான் நிக்கும்" என்றது.

கட்டத்தைக் கூட்டிப் பார்த்தால், மூன்று ஊரும் முழுகிக் கிடந்தது, மூன்று ஊரும் காய்ந்தும் கிடந்தது. திரவியத்துக்குத் தலை கிறுகிறுத்தது. "நீங்க முடிவு பண்றதுக்குள்ள பிள்ளைங்க காலேஜே முடிச்சிடும்" என்று கோமளம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்றைக்கே பிடித்துக்கொண்டது மழை. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலையில் வளை வாசலில் பரந்தாமன் பெட்டி படுக்கையோடு நின்றது. பின்னால் சடகோபன் குடும்பம், அதற்குப் பின்னால் ஆராவமுதன் வகையறா.

"அங்கே ஒரு சொட்டு நிக்கலை. சும்மா உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு" என்றது பரந்தாமன், காதைப் பிழிந்துகொண்டே.

பார்க்க வந்தவர்கள் படுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கோமளத்துக்கு வலி கண்டுவிட்டது. புரள இடமில்லை; எந்தப் பக்கம் திரும்பினாலும் சடகோபன் வீட்டு முள். திரவியத்துக்கு வந்தவர்களை வெளியே போங்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சார்ஜ் போன செல்போனை எடுத்துக் காதில் வைத்தது.

"எந்த ஊர்? பனங்கருக்கு நகரா? மேட்டு நிலமா? மூணு வளைதான் பாக்கியா? எனக்கு வேணாங்க, நாங்க இங்கேயே இருந்துக்கிறோம்."

வளைக்குள் அத்தனை காதும் நிமிர்ந்தன.

"எந்தப் பக்கம்?" என்றது ஆராவமுதன் மெதுவாக.

"கிழக்கே. பத்து நிமிஷம்."

அடுத்த நிமிஷம் வளை காலி. ஒருவர் படுக்கையை இன்னொருவர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கோமளம் காலை நீட்டிப் படுத்து ஆறு குட்டி பெற்றது. திரவியம் ஆனந்தத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று ஆடியது.

நாலு மாதம் போயிற்று. "ஏங்க, பனங்கருக்கு நகர்ல ஸ்கூல் திறந்துட்டாங்களாம். பஸ்ஸும் போகுதாம்" என்றது கோமளம்.

"அடியே, அப்படி ஒரு ஊரே கிடையாது. வாய்க்கு வந்ததை அடிச்சுவிட்டேன்."

"இல்லாத ஊருக்கு எப்படிங்க பஸ் போகும்?"

ஆறு குட்டிகளையும் நடத்திக்கொண்டு கிழக்கே போனார்கள். பொட்டல் மேடு முழுக்க வளைகள். ஈரம் ஒரு பொட்டு இல்லை. பஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. ஆர்ச்சின் கீழே குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் ஆராவமுதன், ரெஜிஸ்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தது.

"அடடா, ஒரு வளைகூட காலி இல்லையே சார். போன வாரம் வந்திருக்கக் கூடாதா?" என்றது உண்மையான வருத்தத்தோடு. பிறகு குட்டிகளைப் பார்த்துவிட்டு, "ஆமா, இந்த ஊரைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்டது.

நீதி: இல்லாத ஊரைப் பற்றி அளந்துவிடுகிறவர், அதில் தன் பெயருக்கு ஒரு கார்னர் மனையைப் பிடித்துவிட்டு அப்புறம் அளக்க வேண்டும்.