வேறு ஜாக்சன்

தூத்துக்குடி,
14-3-1948

ஆழ்வார்திருநகரியில் இருக்கும் மரியாதைக்குரிய அத்தான் காசிலிங்கம் அவர்களுக்கு, தங்கள் தங்கை சீனித்தாயின் கணவன் மந்திரமூர்த்தி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். என் மானம் மட்டும் நாலு நாளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறது.

வாசகசாலைக்கு நான் தலைவரானதும் தாங்கள் அனுப்பிய அமெரிக்க ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் சரித்திரத்தைப் பாதிவரை படித்தேன். ஏழை வீட்டில் பிறந்து, சாமானியர் ஓட்டில் ஜெயித்து, பதவியேற்ற அன்று மாளிகைக் கதவை ஜனங்களுக்குத் திறந்துவிட்டாராம். எனக்கு மீசை துடித்தது. மீதியை யார் படிப்பார்? 'ஏழைகளின் தலைவர் ஜாக்சன்' என்று நோட்டீஸ் அடித்து, பேச்சு முடிந்ததும் என் வீட்டில் அனைவருக்கும் காப்பி என்றும் சேர்த்துவிட்டேன். கட்டபொம்மனை அலையவிட்ட ஜாக்சன் துரைக்கா கூட்டம் என்று சண்டைக்கு வந்தவர்களிடம், அவர் வேறு இவர் வேறு என்று விளக்கவே அரைமணி ஆயிற்று. பிறகு ஒருமணி நேரம் முழங்கினேன். அப்போது வாசகசாலைக்குப் பின்னால் குடிசையில் இருக்கும் உப்பளத்துப் பேச்சித்தாய் எழுந்தாள்.

"அவரு வாரதுக்கு முன்ன அந்த மண்ணுல ஒருத்தரும் இல்லியா அண்ணாச்சி?"

பதில் தேடிப் புத்தகத்தைப் புரட்டி, கிடைத்ததை உரக்கப் படித்தும் தொலைத்தேன். அங்கே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடிகளை அப்புறப்படுத்த அவர் சட்டம் போட்டாராம். போகிற வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்களாம். எல்லாம் அவர்கள் நன்மைக்கே என்றாராம். பேச்சித்தாய் இன்னும் உட்காரவில்லை.

"எங்களக் காலி பண்ணச் சொல்லியும் மனு போயிருக்காமே. அதுல யாரு கையெழுத்து?"

என் கையெழுத்துதான் அத்தான். வாசகசாலையின் புதுக் கட்டடத்துக்காக இருபது குடிசைகளை அகற்றச் சொல்லி, 'அவர்கள் நன்மையை முன்னிட்டு' என்று அழகான எழுத்தில் நான்தான் எழுதியிருந்தேன். ஒத்துக்கொண்டேன், குரல் கொசு மாதிரி வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் கூட்டம் காப்பிக்கு வந்து ஏழு பீங்கான் கோப்பைகளை உடைத்தது. சீனித்தாய் கோப்பைகளைப் பற்றி மூச்சுவிடவில்லை. "இருவது குடும்பமா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் முனிசிபல் ஆபீசுக்குப் போய், குமாஸ்தாவின் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு மனுவைத் திரும்பப் பெற்றேன். தலைமையையும் ராஜினாமா செய்துவிட்டேன். இனி எறும்புகள் சங்கம் வைத்துக் கூப்பிட்டாலும் பதவி ஏற்க மாட்டேன். இது சத்தியம்.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். எல்லோரும் நலமோடு இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
மந்திரமூர்த்தி

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் பேச்சித்தாய் ஆட்களோடு வந்துவிட்டாள். குடிசைவாசிகள் சங்கம் ஆரம்பிக்கிறார்களாம், நான்தான் தலைவராம். நான் எதற்கு என்றேன். "மனு எழுத ஒரு ஆளு வேணும். கேள்வி கேக்க நாங்க இருக்கோம்" என்றாள். ஏற்றுக்கொண்டேன்.